ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்ற பேச்சு தமிழ்நாட்டில் பல வீடுகளில் மே மாதக் கடைசியில்தான் வருகிறது. அப்போது பள்ளி விடுமுறையில் இருக்கும். கட்டடத்தையும் வாசலில் தொங்கும் சேர்க்கை பேனரையும் தவிர பார்க்க எதுவும் இருக்காது.

பள்ளி மேலாண்மைக் குழு வேலையில் பெற்றோர்களோடு சேர்ந்து இதைச் செய்துவருகிறேன். பெரும்பாலும் வரிசையில்தான் தவறு நடக்கிறது. கட்டடத்தைப் பார்க்கிறார்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிறார்கள், முடிவெடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அடுத்த மூன்று வருடம் உட்காரப்போவது 6, 7, 8 வகுப்புகளில். அங்கே யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் சில பள்ளிகள் பட்டியலிலிருந்து கழிந்துவிடும், கடைசியில் அலைச்சல் குறையும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு எடுத்து, ஒரு பள்ளிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று பள்ளிக்குப் போய்வந்தால் எந்தப் பள்ளியில் எதைப் பார்த்தோம் என்பது கலந்துவிடும்.

பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) இப்போதைய பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள். எந்தப் பள்ளிக்கு மாறினாலும் அந்த எண் பிள்ளையோடு போகும். சேர்க்கையும் மாற்றுச் சான்றிதழும் அதை வைத்துத்தான் நடக்கின்றன.

தொடங்க நல்ல சமயம் ஜனவரி, பிப்ரவரி. வகுப்புகள் முழுவீச்சில் நடக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தேர்வுப் பணிக்கும் விடைத்தாள் திருத்தவும் போய்விடுவார்கள். அந்த நாட்களில் ஆறாம் வகுப்பைப் பார்த்தால் பள்ளியின் உண்மை நிலை தெரியாது. டெல்டாவிலோ கடலோரத்திலோ இருப்பவர்கள் நவம்பர் மழையில் ஒரு தடவை பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். மைதானத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, வகுப்பறை ஒழுகுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

2. பள்ளிகளின் முழுப் பட்டியலைப் போடுங்கள்

பெயர் தெரிந்த இரண்டு பள்ளிகளோடு நின்றுவிடாதீர்கள். ஒரே ஊரில் ஆறாம் வகுப்பு பல வகைப் பள்ளிகளில் இருக்கும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 1 முதல் 8 வரை. அரசு உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலும் 6 முதல் 10 வரை, மேல்நிலைப் பள்ளியில் 12 வரை. நகரமென்றால் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள். இவை தவிர ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், மலைப்பகுதிகளில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். தனியார் நிர்வாகத்தில் அரசுச் சம்பளத்தோடு நடக்கும் உதவி பெறும் பள்ளிகள் தனி வகை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிர்வாகம் யாருடையது, எந்த வகுப்பு வரை, இருபாலரா ஒருபாலரா, எந்த மீடியம் என்று நான்கு விவரம் எழுதுங்கள். அடுத்த படிக்கு இவை நான்கும் தேவை.

கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு அண்மைப் பள்ளி என்பது 3 கிலோமீட்டருக்குள். பட்டியலை அந்த வட்டத்தில் தொடங்குங்கள். நேரடிப் பேருந்து இருந்தால் கொஞ்சம் தள்ளியும் போகலாம்.

3. பின்னால் மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள்

கழிப்பறை சரியில்லை என்றால் பேசிச் சரிசெய்யலாம், ஆசிரியர் காலியிடம் நிரம்பலாம். ஆனால் ஆறாம் வகுப்பில் எடுக்கும் சில முடிவுகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் தங்கள் விளைவைக் காட்டும், அப்போது திருத்த வழியிருக்காது. இந்தப் படியை மிக முன்னால் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

முதலாவது, அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகள்தான். உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. "உதவி பெறும் பள்ளியும் அரசுச் சம்பளம்தானே, ஒன்றுதான்" என்று நினைத்து எட்டாம் வகுப்பு வரை அங்கே படிக்கவைத்துவிட்டு, பிறகு தெரிந்து வருந்துகிற பெற்றோர் நிறைய. நல்ல உதவி பெறும் பள்ளிகள் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை, இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் போதும்.

கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதே அடிப்படை. உதவி பெறும் பள்ளியென்றால் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான்.

இரண்டாவது, மீடியம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் வந்த திருத்தப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையை ஆறில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் அந்தத் தகுதி அதோடு போய்விடும். ஏற்கெனவே ஆங்கிலவழியில் படித்துவரும் பிள்ளைக்கு இந்தக் கவலை பொருந்தாது.

ஆங்கிலவழி வேண்டுமென்றால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால்: ஆங்கிலவழிக்குத் தனி வகுப்பறை உண்டா, தமிழ்வழிப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்து ஒரே ஆசிரியர் இரண்டையும் எடுக்கிறாரா? எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. உதவி பெறும் பள்ளி என்றால்: அந்த ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதிப் பிரிவா? பல உதவி பெறும் பள்ளிகளில் அப்படித்தான். கட்டணம் உண்டு, அந்தப் பிரிவின் ஆசிரியர்களுக்கு அரசுச் சம்பளமும் இல்லை. பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்து இது தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது, பள்ளி எந்த வகுப்பு வரை? நடுநிலைப் பள்ளியில் சேர்த்தால் ஒன்பதாம் வகுப்புக்கு மறுபடி மாற வேண்டும். பத்தாம் வகுப்புக்கு ஒரு வருடம் முன்பு புது இடம், புது ஆசிரியர்கள். சில பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை, சிலர் தடுமாறிப்போகிறார்கள். அதற்கு எதிராக, நடுநிலைப் பள்ளியில் உங்கள் பிள்ளை மூத்த வகுப்புப் பிள்ளையாக இருப்பான், தலைமை ஆசிரியருக்கு முகம் தெரியும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி. இதில் பொதுவிதி சொல்ல முடியாது. உங்கள் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. வழியைப் பள்ளி நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

பள்ளிக்குள் போவதற்கு முன் இதை முடியுங்கள். வழி சரியில்லாத பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிள்ளை இரண்டாம் பருவத்தில் விடுப்பு எடுக்கத் தொடங்கிவிடும்.

காலையில் பள்ளி போகும் நேரத்திலும், மாலையில் விடும் நேரத்திலும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூகுள் மேப் காட்டும் தூரம் போதாது. நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா, ரயில்வே கேட் உண்டா, டாஸ்மாக் கடை வழியில் இருக்கிறதா, மழையில் மூழ்கும் தரைப்பாலம் உண்டா? பஸ் பாஸ் இலவசம்தான். ஆனால் அந்த டவுன் பஸ் நிஜமாகவே நிற்கிறதா, மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்த பிறகு ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்தில் நிற்கும் பெரிய பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இன்னொன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. ஆறாம் வகுப்பில் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தூரப் பள்ளிக்கு ஏழரை மணிக்கே கிளம்பும் பிள்ளை வெறும் வயிற்றோடு போக நேரும். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு.

5. யூடைஸ் அறிக்கையைப் படியுங்கள்

யூடைஸ் என்பது பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் அரசின் தரவுத் தொகுப்பு. அதில் இந்தியாவின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்' பகுதிக்குப் போய் இந்த எண்ணையோ, பள்ளியின் பெயரையோ கொடுத்தால் அறிக்கை அட்டை கிடைக்கும். ஒரே பெயரில் பல பள்ளிகள் இருப்பதால் எண்ணை வைத்துத் தேடுவது நல்லது.

அதில் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையை எடுங்கள். கிடைக்கும் மூன்று வருட அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒரே கூட்டத்தைப் பின்தொடருங்கள்: முதல் வருடத்து ஆறாம் வகுப்பு, அடுத்த வருடத்து ஏழாம் வகுப்பு, அதற்கடுத்த வருடத்து எட்டாம் வகுப்பு. ஒரு பேச்சுக்கு, 40 பேர் சேர்ந்து எட்டாம் வகுப்பில் 38 பேர் இருந்தால் சாதாரணம். 40 பேர் 27 ஆகிவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று நேரில் கேட்க வேண்டும். செங்கல் சூளை வேலைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பங்கள் இடம்பெயரும் பகுதியாக இருக்கலாம். பக்கத்தில் புதிதாக ஒரு பள்ளி தரம் உயர்ந்திருக்கலாம். பெற்றோர் பிடிக்காமல் மாற்றியிருக்கவும் கூடும். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள், அவர்கள் மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் வழியிலோ கழிப்பறையிலோ குறை இருக்கும்.

இங்கே புதியவர்கள் இரண்டு இடத்தில் தடுக்குகிறார்கள். ஒன்று, மொத்த ஆசிரியர், மொத்த மாணவர் என்று வகுத்து "இருபது பேருக்கு ஒரு ஆசிரியர், நல்ல பள்ளி" என்று முடிவுகட்டுவது. மேல்நிலைப் பள்ளியில் அந்த எண்ணிக்கைக்குள் பதினொன்று, பன்னிரண்டுக்கான முதுகலை ஆசிரியர்களும் இருப்பார்கள். ஆறாம் வகுப்பில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். சட்டம் சொல்வது 6 முதல் 8 வகுப்புக்கு 35 பேருக்கு ஒரு ஆசிரியர். அதை அந்த வகுப்புகளுக்குத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, 'உள்ளது' என்ற சொல்லை நம்புவது. நூலகம் உள்ளது என்றால் பூட்டிய பீரோவாகவும் இருக்கலாம். அதோடு இந்த விவரங்கள் குறைந்தது ஒரு கல்வியாண்டு பழையவை. அறிக்கையைக் கேள்விகள் தயாரிக்கப் பயன்படுத்துங்கள், பதில் நேரில்தான்.

6. ஆசிரியர்களை எண்ணுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். மற்ற எதிலாவது சமரசம் செய்யலாம், இதில் கூடாது.

6 முதல் 8 வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். கல்வி உரிமைச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மூன்று வகை ஆசிரியர்கள்: அறிவியலும் கணக்கும், சமூக அறிவியல், மொழிகள். நடுநிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் இந்த அளவில்தான் பட்டதாரி ஆசிரியர்கள் இருப்பார்கள். கணக்கு ஆசிரியரே அறிவியலும் எடுப்பார், அல்லது இடைநிலை ஆசிரியர் ஒருவர் ஆறாம் வகுப்பின் ஒரு பாடத்தைப் பார்த்துக்கொள்வார். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பாடத்துக்கு ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே வேறொரு சிக்கல்: அனுபவமுள்ளவர்களைப் பத்தாம் வகுப்புக்கு ஒதுக்கிவிடுவார்கள். பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு என்று நெருக்கடி வரும்போது முதலில் விட்டுப்போவது ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடவேளைகள்தான்.

ஆகவே "எத்தனை ஆசிரியர்கள்?" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்:

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் யார், அவர் கணக்கு படித்தவரா? அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் அதே கேள்வி. அவர்களில் நிரந்தரப் பணி யார், தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக இருப்பவர் யார்? காலிப்பணியிடம் எந்தப் பாடத்தில், எவ்வளவு நாளாக? வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் போயிருப்பவர் உண்டா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும், வாரத்தில் மூன்று நாள் ஆள் வேறு பள்ளியில் இருப்பார்.

பதிலைச் சரிபார்க்க எளிய வழி, வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணை. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஆசிரியரின் பெயர்ச் சுருக்கம் இருக்கும். எத்தனை வெவ்வேறு பெயர்கள் என்று எண்ணுங்கள். நீங்கள் நிற்கும் அந்தப் பாடவேளையில் அட்டவணையில் உள்ளவர்தான் வகுப்பில் இருக்கிறாரா என்று பாருங்கள். உடற்கல்விப் பாடவேளை அட்டவணையில் இருந்தால், மைதானத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஓவியம், உடற்கல்வி, கணினிக்குப் பல பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்கள்தான், வாரத்தில் சில நாள்தான் வருவார்கள்.

ஒரே ஒரு நல்ல ஆசிரியரை நம்பி ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆண்டுதோறும் பொது மாறுதல் கலந்தாய்வு உண்டு, உபரி ஆசிரியர்களைப் பணிநிரவலில் வேறு இடத்துக்கு அனுப்புவதும் உண்டு. தலைமை ஆசிரியர் எப்போது வந்தார், ஓய்வுக்கு எத்தனை வருடம் இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு பேர் சேர்ந்து சில வருடங்களாக ஒரே இடத்தில் வேலை செய்யும் பள்ளியில் பிள்ளையை நம்பிக்கையோடு விடலாம்.

7. பள்ளிக்குள் போகும் நாள்

முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கலாம் என்று இருக்கிறோம், பள்ளியைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவது கவலையாக இருப்பதால் பெரும்பாலும் அன்போடு வரவேற்பார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரிப் பேச வேண்டாம். குறைகளை அங்கேயே சுட்டிக்காட்டவும் வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள்.

காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பாகப் போய், மதிய உணவு வரை இருக்கிற மாதிரி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, உள்ளே தண்ணீர் வருகிறதா, ஆசிரியர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்களா? பெண் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டுதான் மாதவிடாய் தொடங்கும் வயது. இலவச நாப்கின் பள்ளியில் கொடுக்கிறார்களா, பயன்படுத்தியதைப் போட இடம் இருக்கிறதா என்று அம்மாக்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கும் பெண் பிள்ளைகளைத் தெரியும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து பயன்பாட்டைப் பாருங்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசியாக அதில் உட்கார்ந்தது எப்போது? 6 முதல் 8 வகுப்புக்கென்றே 2022இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அறிவியல், கணக்குச் செயல்பாடுகளைப் பிள்ளைகளே கையால் செய்து பார்ப்பதற்கானது. "என்ன பரிசோதனை செஞ்சீங்க?" என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். அது நடந்திருந்தால் கண்கள் விரிய விவரிக்கும். நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிறார்களா என்பதற்கு வழங்கல் பதிவேட்டில் அண்மைத் தேதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாதுகாப்புக்கு: அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. கையில் பிரம்போடு ஆசிரியர்கள் நடக்கிறார்களா? பிள்ளைகள் புகார் எழுதிப்போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கிறது, 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (கல்வி உதவி எண்) இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா? சாதிப் பாகுபாடு பற்றியும் விசாரியுங்கள். பிள்ளைகள் சாதி அடையாளக் கயிறு கட்டி வருகிறார்களா, உட்காரும் இடத்திலும் சாப்பிடும் வரிசையிலும் பிரிவு தெரிகிறதா? நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024இல் அளித்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. இதை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று கேட்கும்போது தலைமை ஆசிரியர் தயங்காமல் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

மாற்றுத்திறன் குழந்தை என்றால் சாய்தளம், கைப்பிடி உள்ள கழிப்பறை இரண்டையும் பார்த்துவிட்டு, சிறப்பாசிரியர் வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்பதை வட்டார வள மையத்திலும் கேளுங்கள்.

8. நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள்

இதைப் பள்ளியில் செய்ய வேண்டாம். அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை உங்கள் தெருவிலோ உறவிலோ இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய் கணக்கு நோட்டையும் ஆங்கில நோட்டையும் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள்.

தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா? இரண்டு வாரம் எதுவுமே இல்லாத இடங்கள் அடிக்கடி வந்தால் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று பொருள். பாடநூலில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார்கள்? திருத்தம் எப்படி இருக்கிறது? பக்கம் முழுக்க ஒரே பெரிய டிக் போட்டிருந்தால் ஆசிரியர் படிக்கவில்லை. தப்பான வரியில் வட்டம் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பிள்ளை மறுபடி அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. ஆங்கில நோட்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய கேள்வி பதில் மட்டும்தானா, பிள்ளை தானாக எழுதிய நான்கு வரியாவது உண்டா?

பிள்ளையைப் பரீட்சை வைக்காதீர்கள். "இதைப் படி பார்ப்போம்" என்று அடுத்தவர் பிள்ளையை நிற்கவைப்பது மனதைப் புண்படுத்தும், அதில் உங்களுக்கு எதுவும் தெரியவும் வராது. "உனக்கு எந்த டீச்சர் பிடிக்கும், ஏன்?" என்று கேட்டாலே போதும். ஐந்து நிமிடத்தில் பள்ளியின் பாதிக் கதை வந்துவிடும்.

எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேரிடமும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரிடமும் பேசுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, என்ன தீர்மானம் போட்டார்கள், அது நடந்ததா என்று கேளுங்கள். பெயரளவுக்குக் கையெழுத்து வாங்கும் குழுவா, வேலை செய்யும் குழுவா என்பது இந்த மூன்று கேள்வியில் தெரியும்.

9. தேர்ச்சி விகிதத்தை அதன் இடத்தில் வையுங்கள்

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்ற பேனரைப் பார்த்ததும் பலர் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அது நல்ல செய்திதான். ஆனால் எத்தனை பேர் எழுதி நூறு சதவீதம், அந்தக் கூட்டம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யூடைஸ் எண்ணிக்கை கையில் இருப்பதால் இது சுலபம்.

நடுநிலை வகுப்புகளைக் காட்டும் வேறொரு அளவுகோல் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு, அதாவது என்.எம்.எம்.எஸ். தேர்ச்சி பெற்றுத் தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கேளுங்கள். தேர்வானவர் எண்ணிக்கையைவிட எழுதியவர் எண்ணிக்கையை நான் முக்கியமாகப் பார்ப்பேன். வகுப்பில் இரண்டு பேரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுக்கும் பள்ளியும் உண்டு, பாதி வகுப்பை உட்காரவைக்கும் பள்ளியும் உண்டு. உங்கள் பிள்ளை நடுத்தரமாகப் படிப்பவர் என்றால் இரண்டாவது பள்ளிதான் வேண்டும்.

10. முடிவெடுக்கும்போது

ஒவ்வொரு விஷயத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். பெரிய மைதானத்துக்கும் புதுப் பெயிண்டுக்கும் கிடைத்த மதிப்பெண், கணக்கு ஆசிரியர் இல்லாத குறையை மறைத்துவிடும்.

கழித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் படியில் உங்களுக்கு ஒத்துவராத பள்ளியை நீக்குங்கள். வழி ஆபத்தானதை நீக்குங்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலத்தில் இரண்டுக்கு ஆள் இல்லாத பள்ளியையும், பிள்ளைகளை அடிப்பது வழக்கமாக உள்ள பள்ளியையும் நீக்குங்கள். பெரும்பாலான ஊர்களில் இந்தக் கட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இரண்டு மிஞ்சினால் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டையும் பார்த்திருப்பதால் பதில் சொல்லத் தெரியும்.

எதுவுமே மிஞ்சாவிட்டால், ஆசிரியர் காலியிடம் குறைவாக உள்ள பள்ளியில் சேர்த்துவிட்டு, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர், உயர்நிலை, மேல்நிலைக்கு மாவட்டக் கல்வி அலுவலர். கிராம சபையிலும் இதைப் பேசலாம். பல பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையுடன் ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதிலிருந்து பேச்சைத் தொடரலாம்.

11. சேர்க்கையும் முதல் மாதமும்

மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், புகைப்படம், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றோடு போங்கள். எமிஸ் தளத்தில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்தால்தான் புதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். அதனால் பள்ளி திறக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் பழைய தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பிறந்த தேதி, பெயர் எழுத்து, தலைப்பெழுத்து மூன்றையும் சான்றிதழில் சரிபாருங்கள். இப்போது திருத்துவது சுலபம், பத்தாம் வகுப்பில் அலைய வேண்டியிருக்கும்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. நுழைவுத் தேர்வு வைக்கவும் கூடாது. மறுத்தால் முதலில் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், 14417 எண்ணிலும் சொல்லலாம்.

சேர்த்த பிறகு முதல் மாதம் தினமும் நோட்டைப் பாருங்கள். ஐந்து பாடத்துக்கும் நோட்டில் எழுத்து ஏறுகிறதா, எந்தப் பாடவேளை சும்மா போகிறது என்று பிள்ளையிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு பாடம் மூன்று வாரமாக நகரவில்லை என்றால் வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். அங்கேயும் பதில் இல்லையென்றால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத் தேதியைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தாளோடு போய் உட்காருங்கள்.